வெங்காயத் தோலுக்குள் ஒரு வரிசை

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தைப் பிளந்து, செதிலின் மேல்புறத்து ஊதாத் தோலை இடுக்கியால் இழுத்தால் ஈரமாய்க் கழன்று வரும். சுருளாமல் கண்ணாடித் தகட்டில் படியவைக்க விரல் பழக வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். ஒரு சொட்டு உப்புநீர் விட்டுப் பொறுத்திருந்தால், ஊதா மெல்ல ஒடுங்கிச் சுவரை விட்டு விலகும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி பூரித்து நிறையும்.

தண்ணீர் போய்வரும் வழிகளில் ஒன்று, செல்சவ்வில் பொதிந்த அக்வாபோரின் என்னும் புரதக் குழல். அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் நோபல் வாங்கித் தந்தது. குழலுக்கு ஒரு நீர் மூலக்கூறு நுழையும் அகலம்தான். ரேஷன் கடை வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் நொடிக்குக் கோடிக்கணக்கில் கடக்கும். உப்பு வெளியே நிற்கும். அத்தனை நெரிசலிலும் சத்தமே இல்லை. சாம்பாருக்கு உரிக்கும்போது, கண்ணைக் கசக்கியபடியே அந்த வரிசையை நினைத்துக்கொள்வேன்.