பந்தைக் கொடுப்பவரை ரசிப்பது எப்படி?

கூடைப்பந்தாட்டத்தில் ருசி கண்டவர்கள் நான்கு பேர் ஒரு தேநீர்க் கடையில் கூடிவிட்டால், எந்த அணி ஜெயித்தது என்ற பேச்சு கையிலுள்ள தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோகும். எந்தப் பாயிண்ட் கார்டு நம்முடைய விசுவாசத்துக்கு உரியவர் என்ற வழக்கோ, வாதி பிரதிவாதிகள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் தீர்ப்பில்லாமல் நீண்டுகொண்டிருக்கும். அமெரிக்காவில் இரவு நேரத்தில் நடக்கும் என்.பி.ஏ. ஆட்டங்கள் நமக்குக் காலைப் பொழுதில் வந்து சேர்வதால், வடசென்னைச் சாத்தாங்காட்டு இரும்பு எஃகு அங்காடியின் முன்னே டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டும் வேளைக்கும் அந்த விவாதத்துக்கும் பொருத்தம் நன்றாகவே அமைந்துவிடுகிறது. "கர்ரி மாதிரி இன்னொருத்தன் வரட்டும், அப்புறம் பேசலாம்ணே" என்று ஓர் இளைஞன் ஆரம்பிப்பான். "ஸ்டாக்டன் ஆட்டத்த நீ பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்ட தம்பி" என்று மூத்தவர் ஒருவர் பதில் சொல்லுவார். இருவரும் சத்தியமே பேசுகிறார்கள்; ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்பதை மட்டும் இருவருமே சொல்லுவதில்லை.

வடசென்னைக்கு விளையாட்டு அபிமானம் புதிதன்று. குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்த காலத்தில், சார்பட்டா பரம்பரை என்றும் இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்றும் பிரிந்து நின்ற ஜனங்களில் பெரும்பாலோருக்கு, யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. பிறந்த தெருவும், தகப்பனார் நின்ற பக்கமும் அதைத் தீர்மானித்துவிட்டன. கடல்கடந்த தேசத்துப் பாயிண்ட் கார்டு ஒருவரிடம் நாம் வைக்கும் விசுவாசத்துக்கு அப்படிப்பட்ட பிறப்புரிமை ஏதும் கிடையாது. அதை நம்முடைய கண்ணே பிரயாசைப்பட்டுச் சம்பாதித்தாக வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்குவதற்கான சில யோசனைகளைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஸ்தானத்தின் லட்சணம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். ஓர் அணிக்கு ஐந்து பேர். அவர்களில் நெட்டையானவர்கள் வளையத்தின் அருகே நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யார் எங்கே போவது, பந்து எந்தக் கணத்தில் எவர் கைக்குச் சேருவது என்பதை நிர்ணயிப்பவர், சாதாரணமாக அணியிலேயே குட்டையான பாயிண்ட் கார்டு. சாத்தாங்காட்டில் இரும்புத் தகடுகளைக் கிரேன் தூக்குவதை வேடிக்கை பார்ப்பவர்கள் அண்ணாந்து கிரேனையே பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பாரம் லாரியில் எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்பதைக் கீழே நின்று கைச்சாடையால் சொல்லுகிறவர் ஒருவர் உண்டு. கூடைப்பந்தில் நாம் பார்க்கப் பழக வேண்டியது அந்தக் கையை.

இந்த விளையாட்டில் பந்தைக் கொடுப்பதே மூத்த கலை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உருவாக்கியபோது அவர் வகுத்த 13 விதிகளின்படி, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிந்தாக வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிளிங் பின்னால் வந்து சேர்ந்த வித்தை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கி, நம் நாட்டு உடற்கல்விக்கே அஸ்திவாரம் இட்டவர். ஆகவே, டிரிபிளிங்கின் ஜாலத்தில் மயங்கிக் கைதட்டுவதற்கு முன்னால், அந்த ஜாலம் ஒரு நல்ல பாஸில் போய் முடிந்ததா என்று பார்ப்பவர், ஆட்டத்தின் ஆதிப் பிரமாணத்தைக் கொண்டே அதை அளப்பவராகிறார்.

ரசனையின் முதற்பாடம் கடிகாரம். சர்வதேச விதிகளின்படி, பந்தைக் கைக்கொண்ட அணி 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும்; 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களின் கண் அந்த 24 விநாடியில் கடைசி இரண்டில் மட்டுமே விழித்துக்கொள்ளுகிறது. நீங்கள் முதல் எட்டில் விழித்திருங்கள். எதிரணியின் டிஃபன்ஸ் இன்னும் திரும்பி வந்து நிலைகொள்ளவில்லை என்பதைக் கண்ட மாத்திரத்தில் ஓட்டத்தை முடுக்கிவிடுகிறாரா, தம் ஆட்கள் களைத்திருக்கிறார்கள் என்று கண்டு வேகத்தைத் தணிக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஒரு கால்பாகம் முடிய ஏறக்குறைய 35 விநாடி இருக்கையில், தேர்ந்த பாயிண்ட் கார்டு சற்று அவசரமாகவே ஓர் எறிக்கு வழிசெய்துவிடுவார். எதிரணி தனக்குரிய 24 விநாடியையும் செலவழித்த பிறகு மிச்சமிருக்கும் சொற்ப நேரத்தில் பந்து மறுபடி தம்மிடமே வரும் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்தைப் பதற்றம் என்று நினைத்து ஏசுபவர்களும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்தவர் புன்னகை செய்வார்.

இரண்டாவது பாடம் சற்றுக் கடினமானது: பந்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவருடைய சாமர்த்தியம் பந்தில்லாத மற்ற நால்வருடைய அசைவில்தான் பிரத்தியட்சமாகிறது. சக ஆட்டக்காரர் ஒருவர் வந்து, தடுப்பவருடைய வழியில் தம் உடம்பையே சுவராக நிறுத்தி, அடுத்த கணமே திரும்பிக் கூடையை நோக்கிப் பாயும் பிக் அண்ட் ரோல் என்ற யுக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். யூட்டா ஜாஸ் அணியில் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் அந்த ஒரே யுக்தியை வருஷக்கணக்காக ஆடினார்கள். வரப்போவது இன்னதென்று எதிரணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. தடுப்பவர் இருவரும் ஒரு கணம் தயங்கும்வரையில் பந்தைக் கையிலேயே வைத்திருந்து, அந்தத் தயக்கம் பிறந்த அதே நேரத்தில் விட்டுவிடும் பொறுமையே அங்கே கலையாக இருந்தது.

இந்த இரண்டு பாடங்களும் பழகிய பிறகு, தேநீர்க் கடை வழக்கில் அடிபடும் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். ஆறடி ஒன்பது அங்குல உயரத்தோடு பாயிண்ட் கார்டாக வந்த மாஜிக் ஜான்சன், தடுப்பவர்களின் தலைக்கு மேலாகவே மைதானம் முழுவதையும் பார்த்தவர். 1980 இறுதிப் போட்டித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் வர இயலாதபோது, தம் முதல் வருஷத்திலேயே, இருபது வயதில், அவருடைய சென்டர் ஸ்தானத்தில் இறங்கி 42 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸ் அணியை ஜெயிக்கவைத்தார். ஸ்டாக்டனோ ஆறடி ஓர் அங்குலம். 19 பருவங்களில் அவர் ஆடாமல் விட்டவை 22 ஆட்டங்கள்தாம். அவருடைய 15,806 அசிஸ்டுகளை, அதாவது தோழர்கள் கூடையில் சேர்த்துவிட்ட பாஸ்களை, இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஆயினும் ஒரு சாம்பியன் பட்டமும் அவருக்குக் கிட்டவில்லை. ஸ்டீபன் கர்ரி 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளி எறிகளைக் கூடையில் சேர்த்தவர். அவர் பந்தைக் கொடுப்பவரா, எறிபவரா என்று கேட்பவர்கள், பந்தே இல்லாமல் அவர் ஓடும்போது இரண்டு பேர் அவரைத் துரத்திக்கொண்டு போவதைப் பார்க்கட்டும். அவ்விதம் இருவரை இழுத்துக்கொண்டு போவதன் மூலம், மீதி மூவரால் தம் தோழர் நால்வரையும் தடுக்கும்படியான சங்கடத்தை எதிரணிக்கு உண்டாக்கிவிடுகிறார். அதுவும் ஒருவகைக் கொடையே. கணக்குப் புத்தகத்தில் ஏறாத கொடை.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2016-17 பருவத்தில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் சராசரியாக ஆட்டத்துக்கு 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்டு, 10.4 அசிஸ்ட் என்று எடுத்து, 1961-62-இல் ஆஸ்கார் ராபர்ட்சன் செய்த, மூன்றிலும் பத்துக்குக் குறையாத சராசரி என்ற அற்புதத்தை மறுபடி நிகழ்த்திக் காட்டினார். அவருடைய ஓக்லஹோமா சிட்டி அணி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. எண்கள் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்டதற்கு மட்டும் பதில் சொல்லின. பாயிண்ட் கார்டு எவ்வளவு அழகாகப் பந்தைக் கொடுத்தாலும், வாங்கியவர் குறி தவறினால் அது அசிஸ்ட் ஆகாது; சாதாரணமாகக் கொடுத்த பந்தை வாங்கியவர் தூரத்திலிருந்து எறிந்து சேர்த்துவிட்டால் ஆகிவிடும். பிறர் கையில் முடியும் காரியத்தை ஒருவர் பெயரில் எழுதும் கணக்கு அது என்பதை மறந்தவர்களே எண்களை ஆயுதமாக வீசுகிறார்கள்.

தொலைக்காட்சிக்கும் ஒரு குறை உண்டு: அதன் காமிரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது, நாம் பார்க்க வேண்டிய நால்வரில் பாதிப்பேர் பல சமயம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். ஆதலால் கண்ணைப் பழக்க விரும்புகிறவர் நேரில் போய்ப் பார்ப்பதே உத்தமம். அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. சதர்ன் ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று உத்தியோகமும் ஆட்டமும் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்களின் அணிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. இந்திய மகளிர் அணிக்கு இளவயதிலேயே தலைமை ஏற்று, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அனிதா பால்துரை, சதர்ன் ரயில்வேயிலிருந்து எழுந்தவர். இத்தகைய அணிகளின் ஆட்டத்துக்குப் போனால் பக்கவாட்டில் உட்காராமல், கூடைக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான படியில் உட்காருங்கள். ஐவரும் ஒரே பார்வையில் அகப்படுவார்கள். பாயிண்ட் கார்டு வாய்விட்டுச் சொல்லும் கட்டளைகள் காதிலும் விழும். தோழர் ஒருவர் பந்தைத் தவறவிட்டபோது அவரை முறைக்கிறாரா, அடுத்த முறையும் அவருக்கே கொடுத்துத் தைரியமூட்டுகிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

இனி விவாதத்துக்கு வருவோம். விவாதம் வேண்டாம் என்று சொல்லுகிற உத்தேசம் எனக்கில்லை. பட்சபாதம் இல்லாத ரசிகனுக்கு ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் நெஞ்சு படபடக்காது. ஆனால் அதற்கு ஒரு தகுதியை விதித்துக்கொள்ளலாம். உங்கள் அபிமானத்துக்குரியவர் தோற்ற ஆட்டம் ஒன்றிலிருந்து, எந்தக் கணக்கிலும் ஏறாத அவருடைய நல்ல முடிவுகள் மூன்றைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் உங்கள் விசுவாசம் பார்த்துப் பெற்றது. முடியாவிட்டால் அது பட்டங்களின் பேரிலும் புகழின் பேரிலும் வந்தது, அவை போகும்போது கூடவே போய்விடும். பிறகு, எதிர்வாதியின் பாயிண்ட் கார்டை ஒரு முழுக் கால்பாகம், பந்தை விட்டுவிட்டு, அவருடைய தோழர் நால்வரையே பார்த்து எடைபோடுங்கள். ஸ்டாக்டனுக்காக வழக்காடுகிற அண்ணன் அப்படிக் கர்ரியைப் பார்த்துவிட்டு வந்தாலும் ஸ்டாக்டன் பக்கமேதான் நிற்பார்; நிற்கட்டும். ஆனால் மறுநாள் காலையில் அவர் தம்பியிடம் முதலில் கேட்பது, "நேத்து அந்த மூணாவது குவார்ட்டர்ல ரெண்டு பேரை இழுத்துக்கிட்டு போனானே, பார்த்தியா?" என்பதாக இருக்கும், வழக்கு அதற்குப் பிறகுதான் ஸ்வாரஸ்யப்படத் தொடங்கும்.