நானிங்கில் சொல்லப்படாத பாதி

மலாக்கா மாநிலத்தின் வடக்கில், நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் எல்லையை ஒட்டிய சிற்றூர் தாபோ நானிங். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த நானிங் வட்டாரத் தலைவர் டோல் சைட்டின் கல்லறை அங்கே வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. இத்தகைய எல்லைக் கிராமங்களை நாட்டுப்பற்றுச் சுற்றுலாத் தலங்களாக வளர்ப்பது நல்ல முயற்சியே. ஆனால், அங்கே எந்த வரலாறு சொல்லப்படுகிறது என்பதில்தான் அதன் மதிப்பு அடங்கியிருக்கிறது.

முதலில் நிறைகள். விடுதலை என்றதும், 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்த, மலாக்கா நகரின் பண்டார் ஹிலிர் திடல்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு வட்டாரம் அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்றதை நானிங் காட்டுகிறது. காரணமும் மாணவர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. டச்சுக்காரர் காலத்தில் நானிங் ஆண்டுக்கு 400 கந்தாங் (மலாய் முகத்தலளவை) நெல்லைப் பெயரளவுக்குத் திறையாகச் செலுத்தி வந்தது. கம்பெனியோ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டது. 1831இல் வந்த சிறுபடை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு பெரும்படை காட்டை வெட்டிப் பாதை அமைத்து வந்து தாபோவைப் பிடித்தது. நிலமும் வரியும் தன்மானமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பாடநூலைவிட அந்த மண் தெளிவாகக் கற்பிக்கும்.

குறை, கதையை 'வீரன் எதிர் அந்நியன்' என்று சுருக்குவதில் இருக்கிறது. முதலில் நானிங்குக்குத் துணை நின்ற ரெம்பாவ், பிறகு கம்பெனியின் பக்கம் சாய்ந்தது. டோல் சைட் 1834இல் சரணடைந்து, உதவித்தொகை பெற்று மலாக்கா நகரில் வாழ்ந்து, 1849இல் மறைந்தார். இவற்றைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. சமரசத்துக்கும் தோல்விக்கும் பின்னரும் ஒருவர் மதிக்கப்பட முடியும் என்பதே குடிமைக்கு உரிய பாடம்.

தமிழர்க்கு இதில் இன்னும் ஆழமான கேள்வி உண்டு. கம்பெனிக்காகப் போரிட்டவர்களில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்துக் காலாட்படைச் சிப்பாய்கள். நானிங் போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மலாக்கா டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. கூலிக்காகத் துப்பாக்கி ஏந்தி, முன்பின் தெரியாத காட்டில் மாண்ட சிப்பாய்களின் பெயர்களோ பொது நினைவில் இல்லை. தமிழரின் பங்கு போரோடு முடியவில்லை. அந்தப் போருக்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின், 1896இல், டான் சாய் யான் என்ற வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு பெருகிய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரின் உழைப்பும் நாட்டுப்பற்றின் வரலாறுதான்.

ஒரு கல்லறையைக் காட்டிப் படமெடுத்துத் திரும்பும் பயணம் பெருமிதத்தைத் தரலாம், புரிதலைத் தராது. விளக்கப் பலகைகளில் ரெம்பாவின் பங்கும் சிப்பாய்களின் கதையும் இடம்பெற வேண்டும். வழிகாட்டும் பணியும் வருமானமும் உள்ளூர் மக்களுக்கே சேர வேண்டும். அலோர் காஜா வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளே, பெற்றோரே, பிள்ளைகளைத் தாபோ நானிங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். டோல் சைட்டை வணங்கச் சொல்லுங்கள். எதிரணியில் நின்ற நம்மவரைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். முழு உண்மையைத் தாங்கும் நாட்டுப்பற்றே நிலைக்கும்.