கற்களால் ஒரு சுழல்பாதை

பால்டிக் கடலில், சுவீடன் கரைக்கும் ஓலாந்து தீவுக்கும் நடுவே புளோ யுங்ஃப்ரூன் என்றொரு பாறைத் தீவு. 1926 முதல் தேசியப் பூங்கா. சூனியக்காரிகள் கூடும் இடம் என்று பழைய பயம் ஒன்றும் உண்டு. எனக்குப் பிடித்தது அங்கே தரையில் கற்களை வரிசையாக வைத்து அமைத்த சுழல்பாதை. 1741இல் வந்த தாவரவியலாளர் லின்னேயஸ்கூட அதைக் குறித்துவைத்திருக்கிறார்.

இவ்வகைப் பாதையின் தொன்மையான ஏழு சுற்று வடிவத்தை வரைய ஒரு சிலுவை, நான்கு மூலைக்கோடுகள், நான்கு புள்ளிகள் போதும். கோலம் போட்டுப் பழகிய கை சட்டென்று பிடித்துக்கொள்ளும். கிளை கிடையாது, தொலைந்துபோக வழியே இல்லை. ஆனாலும் என்ன குறும்பு! நுழைந்ததும் மூன்றாம் வளையம், அங்கிருந்து வெளிவிளிம்பு. பிறகு மையத்தை ஒட்டிக் கொண்டுபோய், தொடும் முன்பே வெளியே தள்ளிவிடும். வளையத்துக்கு வளையம் திசையும் மாறும். ஓடிப் பார்த்தால் உட்காதின் அரைவட்டக் குழாய்களில் திரவம் குழம்பும், தலை சுற்றும்.

இப்படி வளைந்து செல்லும் பாதை மேடையும் ஏறியிருக்கிறது. கிரீட் தீவின் புராணச் சிக்கல்வழியை நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1947இல் நடனமாக்கினார். மேடை அமைத்த இசாமு நொகுச்சி சுவர் எழுப்பவில்லை. தரையில் வளைந்து கிடக்கும் கயிறுதான் பாதை. நம் நாடகக்காரர்கள் ஏனோ இன்னும் அட்டைச் சுவர் கட்டுகிறார்கள்.