மருத்துவர் இல்லாத ஊருக்கு ஒரு நூல்

மருத்துவ நூல்கள் பெரும்பாலும் மருத்துவர்களுக்காகவே எழுதப்படுகின்றன. மருத்துவர் எட்டாத ஊர்களில் வாழும் மக்களுக்கென எழுதப்பட்டவை மிகச் சில. அவற்றுள் தலையாயது டேவிட் வெர்னரின் 'வேர் தேர் இஸ் நோ டாக்டர்' எனலாம். மேற்கு மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் அவர் ஆற்றிய பணியிலிருந்து பிறந்த இந்நூல், முதலில் ஸ்பானிய மொழியிலும் 1977-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பின்னர்ப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இதன் சிறப்பை அறிய வயிற்றுப்போக்குப் பகுதியைப் படியுங்கள். குழிந்த கண்கள், உலர்ந்த வாய், கிள்ளிவிட்டால் மெல்லப் படியும் தோல், கைக்குழந்தையின் தாழ்ந்த உச்சிக்குழி ஆகியவை படங்களுடன் விளக்கப்படுகின்றன. நோய்க்குக் காரணம் ரோட்டா வைரசா, காலராக் கிருமியா என்பது தெரியாவிட்டாலும், உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை உடனே கொடுக்கத் தொடங்கலாம். இங்கே அறிகுறியே முதலுதவியையும் சொல்லிவிடுகிறது.

காய்ச்சல் பகுதியைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. உடல் வெப்பம் ஏறி இறங்கும் விதத்தை நோய்தோறும் கோட்டுப்படமாகக் காட்டுகிறார் ஆசிரியர். மலேரியாவில் காய்ச்சல் முறைவைத்து வரும். டைபாய்டில் நாள்தோறும் படிப்படியாக ஏறும். மாணவர் மனத்தில் எளிதில் பதியும் படங்கள்தாம். ஆனால் நோயாளியின் உடல் படத்தைப் பார்த்து நடப்பதில்லையே! ஃபால்சிபாரம் மலேரியாவில் காய்ச்சல் பெரும்பாலும் முறை தவறியே வரும். முன்பே மாத்திரை விழுங்கியவரிடம் டைபாய்டின் படிகள் குலைந்துவிடும். டெங்குவும் தொடக்கத்தில் இவற்றைப் போலவே தோன்றலாம்.

பெயரைத் தவறாக ஊகித்தால் மருந்தும் தவறும். 1972-இல் அதே மெக்சிகோவில், குளோராம்பெனிகால் மருந்துக்கு அடங்காத டைபாய்டு ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கியது. மருந்தை வீணே வழங்கினால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும் என்று எச்சரிக்கும் இந்நூல், ஊகத்துக்கு இடந்தரும் படங்களையும் உடன் வைத்திருப்பது ஒரு முரண்பாடே.

ஆசிரியர்மீது முழுப்பழியும் சுமத்துவதற்கில்லை. அன்று மலேரியாவை உறுதிசெய்ய நுண்ணோக்கி வேண்டியிருந்தது. மலைக் கிராமத்தில் அதற்கு எங்கே போவது? இன்றோ விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம் அரைமணி நேரத்துக்குள் விடை தருகிறது. மலேரியா ஐயம் எழுந்தால் பரிசோதித்த பின்பே மருந்து தருக என 2010-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

எனவே வாசகர்களே, இந்நூலை அவசியம் படியுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நோயாளியை எவ்வளவு விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதை அறிகுறி சொல்லும், எந்தக் கிருமி என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.