வெப்பின் கூட்டு எஞ்சின்கள்: குற்றம் எங்கே?

கூட்டு நீராவி எஞ்சின் பிரிட்டனில் தோற்றுவிட்டது என்று கூறுவோர், பெரும்பாலும் பிரான்சிஸ் வில்லியம் வெப்பின் பெயரையே சான்றாகக் காட்டுவர். லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் குரூ பட்டறையில் 1871 முதல் 1903 வரை தலைமை வகித்தவர் அவர். அவர் அமைத்த 'கிரேட்டர் பிரிட்டன்' வகை எஞ்சின்கள் பத்து. 1891க்கும் 1894க்கும் இடையே பிறந்தன. 1907க்குள் பழைய இரும்பாயின. எஞ்சினுக்கு இஃது அற்பாயுள். ஆயினும், இதனால் கூட்டு முறையே பிழை என்றாகுமா?

ஓர் உருளையில் வேலை செய்த நீராவியைப் புகையோடு போக்கிவிடாமல், வேறொரு பெரிய உருளைக்குச் செலுத்தி மேலும் வேலை வாங்குவதே கூட்டு முறை. கரும்பை இரண்டாம் முறை ஆலையிலிட்டுப் பிழிவது போன்றது. நிலக்கரி மிச்சமாகும். கருத்தில் குறையொன்றுமில்லை.

வெப் வெளிப்புறத்தில் இரு சிறிய உருளைகளையும், உள்ளே 30 அங்குல விட்டமுள்ள ஒரு பெரிய உருளையையும் வைத்தார். சிறியவை பின் அச்சை உருட்டின. பெரியது முன் அச்சை உருட்டியது. இவ்விரண்டு அச்சின் சக்கரங்களையும் பிணைக்கும் தண்டை மட்டும் அவர் பூட்டவில்லை. அது தடையின்றி ஓடுவதைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை.

இங்கேதான் வினை. பெரிய உருளையின் வால்வை இயக்கும் உறுப்பு அச்சின்மேல் தளர்வாக அமைந்திருந்தது. சக்கரம் கடைசியாக எத்திசையில் சுழன்றதோ அத்திசைக்கே அது ஆயத்தமாக நிற்கும். பின்னோக்கி வந்து பெட்டிகளில் பூட்டப்பெற்ற எஞ்சின் முன்னோக்கிப் புறப்பட வேண்டும். பின் சக்கரங்கள் வழுக்காமல் அதனைச் சிறிது நகர்த்திவிட்டால், அவ்வுறுப்புத் தானே திரும்பிக்கொள்ளும். வழுக்கினாலோ, பின் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழல, முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும். எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும்! பயணிகளுக்கு வேடிக்கை, ஓட்டுநருக்கு அவமானம். இத்தகைய 'கிரேட்டர் பிரிட்டன்' வகையில் ஒன்றைத்தான் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பினர்.

வெப்பின் பக்கமும் சொல்லவேண்டும். 'டியூட்டானிக்' வகையைச் சேர்ந்த 'ஜீனி டீன்ஸ்', 1890களில் யூஸ்டனிலிருந்து பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் ஸ்காட்லாந்து விரைவு வண்டியைப் பல்லாண்டுகள் இழுத்துப் புகழ் பெற்றது. ஆனால் 1895 ஆகஸ்டில் நடந்த வடதிசை ஓட்டப்போட்டியில் குரூவிலிருந்து கார்லைல் வரை 141 மைலை 126 நிமிடத்தில் கடந்தது 'ஹார்ட்விக்'. அதுவும் வெப் செய்ததே. கூட்டு முறை இல்லாதது, சக்கரங்கள் பிணைக்கப்பட்டது. தம் கையால் செய்த எஞ்சின் சொன்ன விடையை அவர் ஏன் கேட்கவில்லை என்பது விளங்கவில்லை.

கூட்டு முறைக்குரிய விடையை மிட்லண்டு ரயில்வே தந்தது. 1902இல் ஜான்சன் தொடங்கிய மூன்றுருளைக் கூட்டு எஞ்சின்கள், டீலி திருத்திய பின் பெருகி, 1932க்குள் 240 ஆயின. கடைசி எஞ்சின் 1961 வரை ஓடியது. உருளைகளின் முறை வேறு. ஆனால் அவற்றின் சக்கரங்கள் பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே குற்றம் கூட்டில் இல்லை, பிணைப்பை விட்டதில்தான் என்பது எம் துணிபு.

வெப்புக்குப் பின் வந்த ஜார்ஜ் வேல், 1904இல் எளிய 'பிரிகர்சர்' எஞ்சின்களைக் கட்டிக்கொண்டு, பழையவற்றை விரைந்து உடைக்கலானார். பிணைப்பில்லாத அந்த மூன்றுருளைப் பயணி எஞ்சின்கள் மொத்தம் நூறு. அவற்றுள் ஒன்றுகூட இன்று இல்லை. 'ஹார்ட்விக்' பாதுகாக்கப்பட்டு நிற்கிறது.