மறுக்கப்பட்ட பொம்மைகள்

குழந்தைக் கல்வி பற்றி நம்மிடையே பெரிதும் புகழப்பட்டு, சிறிதும் வாசிக்கப்படாத நூல் ஒன்று உண்டென்றால், அது மரியா மாண்டிசோரி அம்மையாரின் ‘குழந்தைமையின் இரகசியம்’ எனலாம். ஆங்கிலத்தில் அது 1936-ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய பள்ளிப் பலகைகளுக்கு நம் நகர்களில் குறைவில்லை. பலகைக்கு உள்ளேயோ, மூன்றரை வயதுப் பிள்ளை நான்குகோட்டு ஏட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறது.

மருத்துவரான மாண்டிசோரி, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 1907 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்காதிருக்க வேண்டும் என்பதே கட்டட நிறுவனத்தாரின் கவலை. அந்த எளிய தொடக்கத்திலிருந்து நூல் விரிகிறது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துகிறாள்; எடுக்கிறாள்; மீண்டும் பொருத்துகிறாள். சுற்றிலும் மற்றவர்களைப் பாடவைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், அவள் கவனம் கலையவில்லை. 40 தடவைக்கும் மேல் செய்து முடித்து, இளைப்பாறி எழுந்தவள்போல் முகம் மலர்கிறாள். பிறிதொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துபோக, பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்கின்றனர். ஆசிரியை அதைத் திருட்டு என்று எண்ணினார். அம்மையார் தேர்வு என்று கண்டார். நூலின் மிகச் சிறந்த பகுதிகள் இவையே.

இடறுவது பொம்மைகள் பற்றிய பகுதியில். இல்லத்தில் அழகிய பொம்மைகள் இருந்தன. பிள்ளைகள் அவற்றை நாடவில்லை. எப்படி விளையாடுவதென்று காட்டியபோதும் ஆர்வம் சிறிது நேரமே நின்றது. ஆகவே விளையாட்டென்பது, மேலான வேலை கிட்டாதபோது குழந்தை நாடும் தாழ்ந்த பொழுதுபோக்கு என முடிவு கட்டுகிறார்.

கண்டது மெய்யே; முடிவுதான் அவசரம். பிள்ளைகள் மறுத்தது பொம்மையை, விளையாட்டையன்று. எல்லாம் செய்து முடிக்கப்பட்ட பொம்மைச் சமையலறையில் குழந்தைக்கு மிஞ்சும் வேலை என்ன? கொட்டாங்குச்சியும் ஈரமணலும் கிடைத்தால் நம் தெருப்பிள்ளைகள் விருந்தே படைப்பார்கள். மேலும், பரிசுமின்றி ஏவலுமின்றி உருளைகளோடு ஒன்றிப்போன அச்சிறுமி செய்ததை நாம் விளையாட்டென்றே சொல்வோம். அம்மையார் ‘வேலை’ என்கிறார். இதுவரை சொற்பூசல்தான்.

பாவனை விளையாட்டுக்கு வரும்போது பூசல் முற்றுகிறது. இரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1933-இல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரை இங்கே துணைக்கு வருகிறது. குச்சியைக் குதிரையாக்கும் குழந்தை, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது. ஏற்ற வேடத்தின் விதிக்குத் தன் விருப்பையும் அடக்கிப் பணிகிறது என்றார் அவர். நம் வீடுகளில் இதற்குச் சான்று வேண்டுமோ? அம்மாவின் துப்பட்டாவைத் தோளில் போர்த்தி, பிஸ்கட்டை உயர்த்திப் ‘பூசை வைக்கும்’ ஐந்து வயதுச் சிறுவனைக் காணாத குடும்பம் ஏது? வகுப்பில் ஐந்து நிமிடம் அமராதவன், அங்கே எவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்கிறான்! தம்பி இடையில் பேசினால் அதட்டவும் செய்கிறான்.

அம்மையார் பக்கமும் நியாயம் உண்டு. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பாலர் பருவக் குழந்தைகள் பாவனைச் செயலைவிட உண்மைச் செயலையே பெரிதும் விரும்பினர். பொய்க் கத்தியைவிட மெய்யாகவே காய் நறுக்குவதில் அவர்களுக்கு ஆசை. பார்சலோனாவில் மாண்டிசோரி முறையில் பயின்ற சிறார், திருப்பலிக்கான அப்பத்துக்கும் இரசத்துக்கும் கோதுமையும் திராட்சையும் தாமே வளர்த்தனர். பிஸ்கட் பூசையைவிட அது உயர்ந்ததா? வேறானது என்பேன், இரண்டும் ஒரே குழந்தைக்கு வேண்டும்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த அம்மையார், போரின் காரணமாக இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் ஈராண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். பிற்காலத்திலும் பொம்மைகள்பால் அவர் மனம் இளகியதாகத் தெரியவில்லை. ஆனால் 1954-இல் சோபியா கவலெத்தி உரோமையில் தொடங்கிய ‘நல்லாயன் மறைக்கல்வி’, அவர் முறையையே தழுவியது. அங்கே சிறுவர் மர ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொழுவத்திற்குள் நகர்த்துகின்றனர். வேலை என்றுதான் அதற்கும் பெயர்.