மூடுபனி: இல்லாத தாயின் இடத்தில் ஒரு பெண்

மூடுபனி, பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்து 1980ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ராஜேந்திரகுமாரின் ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ நாவலைத் தழுவியது. இளையராஜாவுக்கு இது 100ஆவது படம். இயக்குநரும் அவரும் முதலில் இணைந்ததும் இதில்தான். பிரதாப் போத்தன், ஷோபா, பானுசந்தர் ஆகியோர் நடித்துள்ளனர்.

சந்துரு வசதியான வீட்டு இளைஞன். சிறுவயதில் தந்தை தாயைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். அந்தக் காயம் பாலியல் தொழிலாளர்கள் மீது வெறுப்பாக மாறி, பெங்களூரில் அவர்களைக் கொல்கிறான். ரேகாவிடம் மட்டும் தன் தாயின் சாயலைக் காண்கிறான். அவளுக்கோ வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அவளைக் கடத்தி ஊட்டியிலுள்ள தனி வீட்டில் வைக்கிறான்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அதைவிடக் கடத்தியவளிடமே அன்பை எதிர்பார்க்கும் ஒருவனைச் சொல்லும் ஜான் ஃபவுல்ஸின் ‘தி கலெக்டர்’ (1963) நாவல்தான் இதற்கு நெருக்கம் எனத் தோன்றுகிறது. தமிழில் இரண்டாண்டுகளுக்கு முன் வந்த ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் கொலைகாரனின் இளமைக்காலம் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே அவன் பெண்களை வெறுக்கிறான். இங்கே ஒரு பெண்ணைத் தாயாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். இரண்டில் எது பயங்கரம் என்பது எளிய கேள்வியல்ல.

படத்தின் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தவறு செய்தவர் தந்தை. தண்டனை பெறுவதோ முன்பின் தெரியாத பெண்கள். இந்த அநியாயத்தைப் படம் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை. சந்துருவுக்குக் கடந்தகாலம் உண்டு, கனவு உண்டு, துயரம் உண்டு. கொல்லப்படுகிறவர்களுக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை. பெரும்பாலும் சாவதற்காகவே திரைக்கு வருகிறார்கள். ‘சிறுவயதுத் துன்பம், ஆகவே கொலை’ என்ற கணக்கும் மிகச் சுலபமானது. அத்தகைய வீடுகளில் வளர்ந்து யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர்!

திரைக்கதை சொல்லாததை ஒளிப்பதிவு சொல்லிவிடுகிறது. நீலகிரியில் பனி அதிசயமில்லை. மஞ்சூர், குந்தா பக்கத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத வேளையிலும் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார்கள். வழி தெரிந்தவர்களுக்கு அது அன்றாடம். ஊர் தெரியாத ரேகாவுக்கு அதுவே சிறை. வெளியே ஓடினாலும் எந்தப் பக்கம் ஓடுவது? பாலு மகேந்திரா இந்த வேறுபாட்டைப் பிடித்திருக்கிறார். இயற்கை வெளிச்சமும் நீண்ட மௌனமும் கொலைக் காட்சிகளைவிட அதிகம் அச்சுறுத்துகின்றன.

ஷோபா அலறி நடிக்கவில்லை. பயத்தைக் கண்ணில் அடக்கிக்கொண்டு எதிரிலிருப்பவனை அளந்து பார்க்கிறார். படம் வெளிவருமுன்பே, 1980 மே 1 அன்று அவர் மறைந்தார்.

கங்கை அமரன் எழுதி யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ இன்று கல்யாண மேடைகளில் காதல் பாட்டாக ஒலிக்கிறது. படத்தில் அதைக் கிடாருடன் பாடுகிறவன், எதிரே அமர்ந்து கேட்பவளைக் கடத்தி வந்தவன். அந்தக் காட்சியில் அவன் முகத்தைவிட அவள் முகத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.